பழைய காரில் துரு: செட்டிநாட்டுக் கொட்டகைகளிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்துப் பெரிய வீடுகளின் பின்கட்டை ஒட்டிய கொட்டகைகளில் அம்பாசடர், ஃபியட் 1100, பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று பல கார்கள் இன்னும் நிற்கின்றன. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். கல்யாணத்துக்கும் முன்னோருக்கான படைப்புக்கும் ஊருக்கு வரும்போது உறையை விலக்கிப் பார்த்துவிட்டு, இதைச் சரிசெய்ய முடியுமா என்று கேட்கிறார்கள். அப்படிக் கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்கள் இவை. இன்ஜின், கியர்பாக்ஸ் பற்றி இங்கே பேச்சில்லை. தகடும் துருவும் மட்டும்தான்.

ஐயா ஓட்டிய அம்பாசடர் பல வருடங்களாகக் கொட்டகையில் நிற்கிறது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

முதலில் கழுவாமல் இருக்க வேண்டும். தூசியைக் கண்டதும் குழாயைத் திருப்பிப் பீய்ச்சுவதுதான் எல்லோருக்கும் வரும் ஆசை. அந்தத் தண்ணீர் கதவுக்குள்ளும், கதவுக்குக் கீழே ஓடும் படிக்குள்ளும் இறங்கி, அங்கே காய்ந்து கிடக்கும் மண்ணை நனைத்து, தூங்கிக்கொண்டிருந்த துருவை எழுப்பிவிடும். துடைப்பமும் காற்றடிக்கும் ஹோஸும் போதும்.

அடுத்து, உள்ளே விரித்திருக்கும் கார்ப்பெட்டையும் அதன் அடியிலுள்ள கம்பளத்தையும் எடுத்து வெயிலில் போடுங்கள். பெரும்பாலும் அங்கேயே பாதிக் கதை தெரிந்துவிடும். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அதன் பள்ளத்தைப் பாருங்கள். பாட்டரி இருக்கும் தட்டைப் பாருங்கள்; அமிலம் சிந்திய இடம் துருவுக்குத் தனிச் சலுகை பெற்ற இடம்.

காரின் அடியில் நுழைவதற்கு முன் ஓர் எச்சரிக்கை. ஜாக்கி வைப்பதற்கென்று கம்பெனி கொடுத்த இடங்களே பழைய கார்களில் முதலில் உளுத்துப்போகும். அங்கே ஜாக்கி வைத்தால் கார் உயராது. ஜாக்கிதான் தகட்டைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். அச்சுக் குழாய்க்கு அடியில் மரக்கட்டை வைத்துத் தூக்கி, ஸ்டாண்டு போட்ட பிறகுதான் தலையை உள்ளே கொடுக்க வேண்டும். பள்ளம் உள்ள பட்டறைக்கு இழுத்துச் சென்று பார்ப்பது இன்னும் நல்லது.

செட்டிநாடு வறண்ட பூமி. இங்கே எப்படி இவ்வளவு துரு?

ஒரு வருடத்தில் எத்தனை மழை பெய்தது என்பது துருவுக்குப் பொருட்டே இல்லை. தகடு எத்தனை மணி நேரம் ஈரமாக இருந்தது என்பதுதான் கணக்கு. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 சதவீதத்தைத் தாண்டினாலே இரும்பின்மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் உருவாகித் துரு வேகமெடுக்கிறது. உப்பு ஒட்டியிருந்தால் அதற்கும் குறைந்த ஈரத்திலேயே வேலை ஆரம்பமாகிவிடும். நம் பக்கம் மழை அதிகமாக அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் வருகிறது. அதன் பின் மார்கழி, தைப் பனி. இந்த மாதங்களில் சாத்திய கொட்டகைக்குள் இருக்கும் தகடு இரவெல்லாம் வியர்த்துக்கொண்டிருக்கும்.

இதில் செம்மண்ணுக்கும் பங்குண்டு. மட்கார்டின் உள்பக்கம் அப்பிக்கொள்ளும் செம்மண் கட்டி வெளியே காய்ந்தாலும் உள்ளே வெகுநாள் ஈரத்தை வைத்துக்கொண்டிருக்கும். மூன்றாவது காரணத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: கொட்டகையில் நிற்கும் கார்களில் பல, தங்கள் இளமையைச் சென்னையில் கழித்தவை. கடற்காற்றின் உப்பைப் படிக்குள் சுமந்துகொண்டுதான் ஊர் திரும்பின. தேவகோட்டையிலிருந்து தொண்டிப் பக்கம் அடிக்கடி போய்வந்த வண்டிகளுக்கும் இதே கதை.

வெளியில் பெயிண்ட் பளபளப்பாக இருக்கிறது. அடியில் மட்டும் ஓட்டை. எப்படி?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நம் ஊரைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடிக்கு வந்தது மத்திய மின்வேதியியல் ஆய்வகம். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். ஊரில் எல்லோரும் சிக்ரி என்றே சொல்கிறோம். அங்கே காலங்காலமாக ஆராயப்படும் விஷயங்களில் ஒன்று உலோக அரிப்பு. கடலோரத்தில் உலோகங்கள் எப்படி அரிக்கின்றன என்று பார்க்க மண்டபத்தில் அவர்களுக்கு ஒரு நிலையமே உண்டு.

துரு என்பது ஒரு மின்வேதி வினை. ஈரமான தகட்டில் ஓரிடம் எலக்ட்ரானை இழக்கிறது, இன்னோரிடம் பெற்றுக்கொள்கிறது. எலக்ட்ரானை இழக்கும் இடம்தான் கரைகிறது. இப்போது மண் அப்பிய தகட்டை நினைத்துப்பாருங்கள். திறந்த பகுதிக்கு ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கிறது; மண்ணுக்கு அடியில் கிடைப்பதில்லை. ஆக்சிஜன் குறைந்த இடமே இழக்கும் முனையாக மாறுகிறது. எனவே காற்றுப் படும் இடம் பிழைக்க, மண் மூடிய இடம் ஓட்டையாகிறது. இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த மடிப்புகளிலும், பெயிண்ட் கொப்புளத்தின் அடியிலும், ரப்பர் பீடிங்குக்குக் கீழேயும் நடப்பது இதேதான்.

இன்னொன்று: துரு, அது தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் பிடிக்கும். மடிப்புக்குள் துரு உண்டானால் அது இரண்டு தகடுகளையும் நெம்பிப் பிரித்துவிடும். ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளுக்கு இடையே தகடு உப்பித் தெரிந்தால் அதுதான் காரணம். சுத்தியலால் தட்டி அமுக்குவதில் பயனில்லை.

எந்த காரில் எங்கே பார்க்க வேண்டும்?

அம்பாசடருக்கும் ஃபியட் 1100, பத்மினி வகைக்கும் தனிச் சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. உடலே எலும்பு. ஆகவே கதவுக்குக் கீழே ஓடும் படி என்பது அழகுக்கான பட்டை இல்லை. காரின் எடையைத் தாங்கும் பெட்டி வடிவ உத்தரம். அது உளுத்தால் கார் நடுவில் தொய்யும். கதவு மூடச் சிரமப்படுவதும், மூடிய பிறகு மேலிடுக்கு ஒரு பக்கம் அகன்று தெரிவதும் அதன் அறிகுறிகள். பின்பக்கம் ஸ்பிரிங் பட்டைகள் உடலில் மாட்டப்படும் இடங்களைத் தவறாமல் பாருங்கள். பழைய அம்பாசடரில் முன்பக்க டார்ஷன் பார் என்னும் முறுக்குக் கம்பியின் பின்முனை பிடித்திருக்கும் குறுக்குச் சட்டமும் இதே வரிசையில் சேர வேண்டியது. அந்தக் கம்பி எப்போதும் முறுக்கத்தில் இருப்பது; அது பிடித்திருக்கும் இடம் கிழிந்தால் முன்பக்கம் தரைக்கு வந்துவிடும்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு வேறு சாதி. அதற்குத் தனிச் சேஸிஸ் உண்டு. உடல் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறது. மேலே எவ்வளவு மோசமாகத் தெரிந்தாலும் கழற்றிச் செய்யலாம். ஆனால் சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் முதலில் போகும், அங்கே கண் வையுங்கள்.

எந்தக் காராக இருந்தாலும் கதவின் கீழ்விளிம்பு, கண்ணாடி ரப்பரின் கீழ் மூலைகள், மட்கார்டு உடலோடு சேரும் இடம், கூரையோர மழைநீர்க் காவா ஆகியவை பொது.

துரு எவ்வளவு ஆழம் என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். உளுத்தது மந்தமாகச் சத்தம் கொடுக்கும். சந்தேகமான இடத்தில் முனையால் அழுத்துங்கள். உள்ளே போனால் போகட்டும், வருந்த வேண்டாம். நீங்கள் ஓட்டை போடவில்லை; இருந்த ஓட்டையைக் கண்டுபிடித்தீர்கள். பிறகு ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி உடல் முழுக்க நகர்த்துங்கள். பிடிக்காமல் வழுக்கும் இடத்தில் தகட்டுக்கு மேல் பட்டி (மேடுபள்ளம் நிரவும் பசை) கனமாக இருக்கிறது, அல்லது தகடே இல்லை.

பெயிண்டில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் கொப்புளம் தெரிந்தால், கிரைண்டர் வைத்த பிறகு அது உள்ளங்கை அகலம் ஆகும் என்று எதிர்பாருங்கள். பெரும்பாலான கொப்புளங்கள் உள்ளிருந்து வெளியே வந்தவை.

பட்டி பூசி, பெயிண்ட் அடித்துவிட்டால் என்ன? செலவு நான்கில் ஒன்றுதானே?

அடுத்த மழைக்காலம் வரை அழகாக இருக்கும். விற்கப்போகிறவர்கள் விரும்பிச் செய்யும் வேலை அது. வைத்திருக்கப்போகிறவர் ஏன் செய்ய வேண்டும்?

பட்டி என்பது பாலியெஸ்டரில் டால்க் மாதிரியான தூளைக் கலந்தது. அது ஈரத்தை உறிஞ்சும். துருவின் மேலோ, ஓட்டைக்குப் பின்னால் காகிதமும் சிமெண்டும் திணித்தோ பட்டி போட்டால், ஈரத்தைத் தகட்டோடு சேர்த்துக் கட்டிவைத்த மாதிரி ஆகிவிடும். பட்டிக்கு ஒரே வேலைதான்: நல்ல தகட்டில் வெல்டிங்குக்குப் பிறகு எஞ்சும் மேடுபள்ளத்தை நிரவுவது. கனம் மூன்று மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் தேவைப்பட்டால் டிங்கரிங் வேலை முடியவில்லை என்று பொருள். வேலையைத் தட்டுபவரிடம் திருப்பிக் கொடுங்கள்.

அப்படியானால் சரியான முறை என்ன? வரிசையாகச் சொல்லுங்கள்.

முதலாவது, தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது. தரைத் தகடு ஓட்டையாக இருந்தால் முன்கண்ணாடி ரப்பர் ஒழுகுகிறதா, கதவின் உள்தாள் கிழிந்திருக்கிறதா, வடிகால் துளைகள் அடைபட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். வழியை அடைக்காமல் தகட்டை மட்டும் மாற்றினால் அதே இடத்தில் அதே வேலையை மறுபடி செய்வீர்கள்.

இரண்டாவது, வெட்டுவது. பழுப்பு நிறம் போய் வெள்ளித் தகடு தெரியும் வரை வெட்ட வேண்டும். "இந்த ஓரம் இருக்கட்டுமே" என்று விட்ட ஓரத்தில்தான் வெல்டிங் பிடிக்காது. சூட்டில் அது மொத்தமாக உதிரும். ஒரே நாளில் எல்லாவற்றையும் வெட்டிப் போடாதீர்கள். படியை வெட்டும் முன் கதவுச் சட்டத்துக்குள் குறுக்கே ஆங்கிள் இரும்பு வைத்துப் பற்றவைத்து உறுதி செய்ய வேண்டும். காரும் தன் சக்கரங்களிலோ, அச்சுக்கு அடியில் வைத்த ஸ்டாண்டிலோ தன் எடையைத் தாங்கியபடி நிற்க வேண்டும். நடுவில் ஜாக்கி கொடுத்துத் தூக்கிவைத்துப் படியை மாற்றினால் உடல் கோணிய நிலையிலேயே இறுகிவிடும். பிறகு கதவு ஆயுளுக்கும் ஒழுங்காக மூடாது. ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம்.

மூன்றாவது, தகடு. வெளிப் பேனலுக்கு 20 கேஜ் கோல்டு ரோல்டு தகடு பொருந்தும். எடை தாங்கும் இடங்களில் பழைய தகடு எவ்வளவு கனமோ அதற்குக் குறையாமல் போட வேண்டும். முதலில் அட்டையில் வெட்டிப் பொருத்திப் பார்த்து, அதே அளவில் தகட்டை வெட்டி மடியுங்கள். இந்த விஷயத்தில் நம் பட்டறைக்காரர்களின் கைத்திறனில் எனக்கு மிகுந்த நம்பிக்கை உண்டு. மட்கார்டின் வளைவைச் சுத்தியலும் மரக்கட்டையும் மணல்மூட்டையும் வைத்தே எடுத்துவிடுவார்கள். அவர்களை அவசரப்படுத்தாமல் இருப்பதுதான் நம் பங்கு.

நான்காவது, பற்றவைப்பது. மெல்லிய தகட்டில் நீளக் கோடாகப் பற்றவைத்தால் அது அப்பளமாய்ச் சுருண்டுவிடும். சிறு சிறு புள்ளிகளாக, ஒன்றை இந்த முனையில், அடுத்ததை அந்த முனையில் என்று மாற்றி மாற்றி வைத்து, ஆறவிட்டு, பிறகு இடைவெளிகளை நிரப்ப வேண்டும். தகட்டின்மேல் தகடு வரும் இடங்களில் மேல்தகட்டில் ஐந்தாறு மில்லிமீட்டர் துளைகள் போட்டு, அந்தத் துளை வழியே பற்றவைத்தால் கம்பெனியின் ஸ்பாட் வெல்டிங்குக்கு நிகராக நிற்கும். ஒன்றன்மேல் ஒன்று படியும் பரப்புகளுக்கு முன்னதாகவே துத்தநாகம் கலந்த வெல்டிங் பிரைமர் அடித்துக்கொள்ளுங்கள். மூடிய பிறகு அங்கே பிரஷ் போகாது.

ஐந்தாவது, மூட்டுகளை அடைக்கும் ஸீலர் பசை. வெல்டிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதில் ஊசித்துளைகள் இருக்கும். ஸீலர் பூசும்போது வடிகால் துளைகளையும் சேர்த்து அடைத்துவிடும் ஆர்வக்கோளாறு பட்டறைகளில் சகஜம். பக்கத்தில் நின்று பாருங்கள்.

கேஸ் வெல்டிங்கா, சி.ஓ.2 வெல்டிங்கா?

கிடைத்தால் சி.ஓ.2, அதாவது கார்பன் டை ஆக்சைடு வாயு சூழக் கம்பியை உருக்கிப் பற்றவைப்பது. சூடு சின்ன வட்டத்துக்குள் நிற்கும், தகடு கோணாது. 0.8 மில்லிமீட்டர் கம்பி போதும். கேஸ் வெல்டிங்கில் கைதேர்ந்த மூத்தவர்கள் வளைந்த பேனலில் அருமையாகச் செய்வார்கள், மறுக்கவில்லை; ஆனால் அந்தச் சூடு வெகுதூரம் பரவி, பக்கத்திலுள்ள பெயிண்டையும் உள்பக்கப் பூச்சையும் எரித்துவிடும். எரிந்த இடத்தில் அடுத்த துரு. சாதாரண மின் வெல்டிங் ராடு கேட்டுக்கும் ஜன்னலுக்கும் உரியது. அதைக் கார்த் தகட்டின் பக்கம் விடாதீர்கள்.

எந்த வெல்டிங்காக இருந்தாலும் பாட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். சீட், கார்ப்பெட், ரெக்ஸின் எல்லாம் வெளியே. தரைக்கு அடியில் பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று பார்த்த பிறகே வெல்டிங் டார்ச்சைக் கையில் எடுக்க வேண்டும். தண்ணீர் வாளியும் நனைத்த சாக்கும் பக்கத்தில் இருக்கட்டும். வேலை முடிந்தவுடன் பட்டறையைப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போகக்கூடாது. கம்பளத்துக்குள் போன பொறி ஒரு மணி நேரம் கழித்தும் எரியத் தொடங்கும்.

துருவே பிடிக்காத கால்வனைஸ்டு தகடு போட்டால்?

போடலாம், ஆனால் பற்றவைக்கும் ஓரங்களில் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். துத்தநாகம் 907 டிகிரியில் கொதிக்கும். இரும்பு உருக 1538 டிகிரி வேண்டும். ஆகவே இரும்பு உருகுவதற்குள் துத்தநாகம் புகையாகிவிடும். அதைச் சுவாசித்தால் அன்று இரவு குளிர்காய்ச்சல் வரலாம். ஓரத்தில் பூச்சும் போய்விடுவதால், எதற்காக அந்தத் தகட்டை வாங்கினோமோ அந்தப் பலன் மூட்டில் கிடைக்காது. சாதாரணத் தகட்டில் நல்ல பிரைமர் அடிப்பதையே நான் விரும்புவேன்.

துருவைக் கறுப்பாக மாற்றும் திரவம் விற்கிறார்கள். அது வேலை செய்யுமா?

மேலோட்டமான துருவுக்குச் செய்யும். அதில் இரண்டு வகை உண்டு. பாஸ்பாரிக் அமிலம் துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும். டானிக் அமிலம் அதைக் கருநீல இரும்பு டானேட்டாக மாற்றும். இரண்டாவது வேதியியல் நம் பாட்டிமார்களுக்குத் தெரியாததல்ல: கடுக்காயில் இருப்பது அதே டானின்தான். கடுக்காய்ச் சாற்றை இரும்பு உப்போடு சேர்த்துத்தான் அந்தக் காலத்தில் கறுப்பு மை செய்தார்கள். செட்டிநாட்டு வீட்டுச் சுண்ணாம்புப் பூச்சிலும் கடுக்காய் சேர்ந்தது. அதற்காகக் கடுக்காயை ஊறவைத்துக் காருக்குப் பூச வேண்டாம். கடையில் விற்கும் திரவத்தில் மேலே படலமாகக் காயும் பிசினும் கலந்திருக்கிறது.

தளர்ந்த துருவை வயர் பிரஷ்ஷால் எடுத்த பிறகே பூச வேண்டும். செதிலாகப் பிரியும் துருவில் திரவம் மேல் அடுக்கை மட்டும் மாற்றும். அடியில் அரிப்பு தொடரும். ஓட்டையான தகட்டை எந்தத் திரவமும் தகடாக்காது.

கழற்ற முடிந்த சின்ன பாகங்களை மின்சாரத்தால் சுத்தம் செய்யலாமாமே?

ஆம், அழகான முறை. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், அதில் சலவைச் சோடா. பாகத்தைப் பாட்டரி சார்ஜரின் எதிர்முனையிலும், பழைய இரும்புத் துண்டு ஒன்றை நேர்முனையிலும் மாட்டித் தொங்கவிட வேண்டும். துரு இளகி உதிரும், நல்ல இரும்புக்குச் சேதமில்லை. இரும்புத் துண்டுக்குப் பதில் எவர்சில்வரை மாட்டாதீர்கள். அதிலுள்ள குரோமியம் நஞ்சாக நீரில் இறங்கும். ஹைட்ரஜன் வெளிவருவதால் திறந்த வெளியில், நெருப்பு இல்லாத இடத்தில் செய்யுங்கள். ஸ்பிரிங்குகளையும் உறுதி கூட்டிய போல்ட்டுகளையும் இதில் போடக்கூடாது. ஹைட்ரஜன் ஏறி அவை நொறுங்கும் தன்மை பெறலாம்.

பெட்ரோல் டேங்க் ஓட்டை. காலி டேங்க்தானே, பற்றவைத்துவிடலாமா?

கூடாது. நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க் ஆபத்தானது. உள்ளே நிற்கும் ஆவிதான் வெடிப்பது. பல வருடங்கள் காய்ந்த டேங்கிலும் பிசினிலிருந்து ஆவி வரும். இதற்கென்றே வேலை செய்பவர்களிடம் கொடுங்கள், அல்லது வேறு டேங்க் தேடுங்கள்.

எந்த மாதத்தில் பெயிண்ட் அடிப்பது நல்லது? என்ன பெயிண்ட்?

தை பிறந்த பிறகு தொடங்கிப் பங்குனிக்குள் முடியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஈரம். ஆடியில் காற்று, செம்மண் தூசி பெயிண்டின்மேல் வந்து உட்காரும். பழைய என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டை ஈரக் காற்றில் அடித்தால் மேலே வெள்ளைப் புகை படிந்த மாதிரி ஆகும். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதில் படிவதுதான் காரணம். மெதுவாகக் காயும் தின்னர் ஓரளவு உதவும்.

பெயிண்டைவிடப் பிரைமர் முக்கியம். ரெட் ஆக்சைடு பிரைமர் நம் கிரில் கேட்டுகளின் நண்பன். அது நுண்துளைகள் நிறைந்தது, தனியாக விட்டால் ஈரத்தைத் தடுக்காது. வெற்றுத் தகட்டில் இரண்டு பாகமாகக் கலக்கும் எபாக்ஸி பிரைமர் அடியுங்கள், வெட்டித் தேய்த்த அன்றே. பட்டி அதன் மேல்தான் வர வேண்டும். பல பட்டறைகளில் வெற்றுத் தகட்டில் பட்டி போட்டு, வாட்டர் பேப்பர் வைத்துத் தண்ணீர் விட்டுத் தேய்க்கிறார்கள். பட்டி அந்தத் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்கிறது. பெயிண்ட் அதைப் பூட்டிவிடுகிறது. பட்டியை உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் எல்லாம் மேல் பிரைமர் வந்த பிறகு.

என்.சி. பெயிண்ட் பழைய காருக்குப் பொருத்தமான மென்மையான பளபளப்பு தரும், ஆனால் மெருகு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு பாகம் கலக்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்ட் வெயிலுக்குத் தாங்கும். அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் உண்டு. மூச்சுக்குழலைப் பாதித்து ஆஸ்துமா வரவைக்கக்கூடியது. கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிப்பவரைப் பார்த்தால் சரியான முகமூடி வாங்கிக் கொடுங்கள். கார் செலவில் அது ஒரு பொருட்டில்லை. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் அதை உலரத் தேய்த்துத் தூசி கிளப்பாமல், தகடு திறப்பதற்கு முன்பே நனைத்துத் தேய்த்து எடுப்பது நல்லது.

படிக்குள்ளும் கதவுக்குள்ளும் பிரஷ் போகாதே?

நீண்ட குழாய் முனையுள்ள ஸ்பிரேயால் மெழுகு கலந்த திரவத்தை உள்ளே செலுத்த வேண்டும். எல்லா வெல்டிங்கும் பெயிண்டும் முடிந்த பிறகு செய்ய வேண்டியது இது. வடிகால் துளையிலிருந்து சொட்டினால் உள்ளே சேர்ந்துவிட்டது என்று அறியலாம்.

கழிவு இன்ஜின் ஆயிலை ஊற்றும் வழக்கம் இங்கே உண்டு. ஒன்றுமே செய்யாததற்கு அது மேல். ஆனால் அதில் எரிந்த அமிலக் கழிவு இருக்கும், ரப்பரை உப்பவைக்கும், தூசியைப் பிடித்துக் களியாக்கும், கொட்டகைத் தரையையும் கெடுக்கும்.

அடிப்பக்கத்துக்குத் தார் மாதிரிப் பூசும் அண்டர் கோட்டிங் பற்றியும் கேட்கிறார்கள். சுத்தமான, பிரைமர் அடித்த தகட்டில் நல்லது. துருவின்மேல் பூசினால் அது விரிசல் விட்டு, தண்ணீரை உள்ளே வாங்கி வெளியே விடாமல் வைத்துக்கொள்ளும். பழைய காரில் அண்டர் கோட்டிங் புதிதாகத் தெரிந்தால் எனக்குச் சந்தேகம்தான் முதலில் வரும்.

பேனல்கள் கிடைக்குமா?

அம்பாசடர் உற்பத்தி 2014 வரை நடந்ததால் அதற்குப் பஞ்சமில்லை. சென்னைப் புதுப்பேட்டையில் தேடலாம். ஃபியட்டுக்கு அலைய வேண்டும். ஹெரால்டுக்குப் பெரும்பாலும் கையால் செய்துகொள்வதுதான் வழி. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் தேடலாமா என்றும் கேட்கிறார்கள். அங்கே பீங்கான் ஜாடியும் எனாமல் தூக்கும் கிடைக்கும். மட்கார்டு தேடிப் போனால் நிலைக்கதவு வாங்கிக்கொண்டு திரும்புவீர்கள்.

பட்டறையில் எப்படிப் பேசிக்கொள்வது?

மொத்தத் தொகைக்குப் பேசாதீர்கள். வெட்டிப் பார்க்கும் வரை வேலை எவ்வளவு என்று அவருக்கும் தெரியாது. மொத்தமாகப் பேசினால் நட்டத்தைப் பட்டியால் ஈடுகட்டத் தோன்றும். கட்டம் கட்டமாகப் பேசுங்கள்: பிரித்து வெட்டுவது, தகடு வேலை, பிரைமர், பெயிண்ட். பிரைமர் அடிக்கும் முன் நானே வந்து பார்ப்பேன் என்ற ஒரே நிபந்தனையை விட்டுக்கொடுக்காதீர்கள். வெளிநாட்டில் இருந்தால் ஒவ்வொரு வெல்டிங்கையும் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நல்ல மேஸ்திரி இதற்குக் கோபப்படமாட்டார். தம் வேலையைக் காட்டுவதில் அவருக்கும் பெருமைதான்.

ஆர்.சி. விஷயத்தில் கவனிக்க வேண்டியது?

சேஸிஸ் எண் பொறித்த தகட்டை வெட்டவோ, தேய்க்கவோ, பட்டிக்குள் மறைக்கவோ கூடாது. வேலை தொடங்கும் முன் அதைப் படம் எடுத்துவைத்து, மேஸ்திரியிடமும் காட்டிவிடுங்கள். சொந்தக் காருக்குப் பதிவான 15 ஆண்டுகளுக்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். பழைய நிறத்திலேயே அடித்தால் இந்த அலைச்சல் இல்லை, காருக்கும் அதுவே அழகு.

50 ஆண்டுகளைத் தாண்டிய கார் என்றால் 2021-இல் வந்த மத்திய விதிகளின்படி வின்டேஜ் என்று பதிவு செய்யலாம். பதிவு எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பத்து ஆண்டுகள் செல்லும். ஆனால் அந்தக் காரை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்ட முடியாது; கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே. பிள்ளையார்பட்டிக்குக் குடும்பத்தோடு போய்வர ஆசைப்படுபவர்கள் யோசித்துச் செய்யுங்கள்.

எப்போது கைவிடுவது?

இரு பக்கப் படிகளும், ஸ்பிரிங் மாட்டும் இடங்களும், கூரைத் தூண்களின் அடிப்பாகமும் ஒருசேரப் போயிருந்தால் நான் வேண்டாம் என்றே சொல்வேன். முடியாது என்பதால் அல்ல. அத்தனையும் மாற்றிய பிறகு அளவுகள் நேராக வருவதற்கு, உடலை அசையாமல் பிடித்துவைக்கும் ஜிக் என்ற இரும்புச் சட்டம் வேண்டும். அது இல்லாமல் கட்டிய காரில் குழந்தைகளை ஏற்றி நெடுஞ்சாலையில் போவதை நான் ஏற்கமாட்டேன். அப்படிப்பட்ட காரை வீட்டு முகப்பில் நிறுத்திவையுங்கள், அல்லது அதன் கதவையும் போனட்டையும் இன்னொரு கார் பிழைக்கக் கொடுங்கள். தரையும் மட்கார்டும் மட்டும் போயிருந்தால் தயங்காமல் இறங்கலாம்.

சரிசெய்த பிறகு மறுபடி வருடம் முழுக்கப் பூட்டித்தான் வைக்க வேண்டும். எப்படி நிறுத்துவது?

பிளாஸ்டிக் தார்ப்பாய் வேண்டாம். உள்ளே வியர்வை கட்டும். பருத்தி உறை போடுங்கள். கொட்டகையின் இரு பக்கமும் காற்றோட்டம் இருக்கட்டும். மண் தரை என்றால் சக்கரத்துக்கு அடியிலாவது பலகை, முடிந்தால் தரை முழுவதும் சிமெண்டுத் தளம். கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கிவிட்டு, எலி நுழையாமல் வலை கட்டுங்கள். புளியமரத்தடியில் நிறுத்தாதீர்கள், பறவை எச்சம் பெயிண்டை அரிக்கும், சருகு கண்ணாடிக்கு முன்னுள்ள பள்ளத்தில் மக்கி வடிகாலை அடைக்கும்.

வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் இரண்டே வேலை சொல்லுங்கள். மழைக்காலம் தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் கதவு, படி, டிக்கி ஆகியவற்றின் வடிகால் துளைகளில் ஒரு கம்பியை விட்டுக் குத்திவிட வேண்டும். மாதம் ஒரு நல்ல வெயில் நாளில் நான்கு கதவுகளையும் டிக்கியையும் திறந்து மதியம் வரை வைக்க வேண்டும். ராமேஸ்வரம், தொண்டி என்று கடற்கரைப் பக்கம் ஓட்டிவந்தால் மட்டும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவி, அன்றே கொஞ்ச தூரம் ஓட்டிக் காயவிட்டுப் பிறகு உள்ளே நிறுத்துங்கள். போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் இதற்கு மழைநீர்த் தொட்டித் தண்ணீரை எடுத்துக்கொள்ளலாம்.